சிங்கிள் டிக்கட் அக்கா கடலுக்கடியில் போன கதை

பெல்மதுளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டம் உண்டான நாளிலிருந்து, அங்கிருந்து தன்னந்தனியாக பஸ் ஏறி ஊர் சுற்றப் போன ஒரே மனிதப் பிறவி சிங்கிள் டிக்கட் அக்காதான். தோட்டத்து ஆபீசில் பதினொரு வருடம் கிளாக்கராகக் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் இதை அடித்துச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்கள் தனியாக எங்கும் போகமாட்டார்கள். டவுனில் பல் பிடுங்க வேண்டுமென்றால் பல்லுக்குச் சொந்தக்காரர், அவருக்குத் துணையாக மச்சான், மச்சானுக்குப் பேச்சுத் துணையாக ஒருவர், 'சும்மா வந்தேன்' என்று இன்னொருவர் என நாலு பேர் போவார்கள். யாருடைய வாயைத் திறக்கச் சொல்வதென்று தெரியாமல் டொக்டர் விழிப்பார். சுற்றுலா என்றால் வேன்தான். பதினாலு பேர் ஏறும் வேனில் இருபத்தாறு பேர், இரண்டு சோற்றுப் பானை, ஒரு மேளம், வாந்தி எடுக்கிறவர்களுக்குக் கட்டுக்கட்டாகப் பொலித்தீன் பை.

இப்படிப்பட்ட தோட்டத்தில், கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "சிங்கிள் டிக்கட்!" என்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பெண் சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளாதா?

அக்காவுக்கு ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்ணு கேட்டு வந்தவங்க எல்லாம் கூட்டமா வந்தாங்க தம்பி" என்பதுதான் அவர் சொன்ன காரணம். வேலை, பிள்ளை மடுவத்தில். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. முப்பது வருடமாக இருபது பிள்ளைகளின் அழுகைக்கு மேலே தன் குரல் கேட்க வேண்டியிருந்ததால், அந்தக் குரல் தனியாக வளர்ந்துவிட்டது. மடுவத்தில் நின்று அக்கா, "ஏய், மூக்கச் சிந்து!" என்றால் மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

தோட்டத்தில் பாதிப் பேர் அவர் வளர்த்தவர்கள். தண்ணீர்க் குழாயடிக்குப் போய்வருவதற்குள் நாற்பது 'ஆயா' கேட்கும். பல் முளைத்தாலும் ஆயா, பரீட்சையில் தவறினாலும் ஆயா, புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் ஆயா.

ஒருநாள் ஆபீசுக்கு வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். யாரோ அனுப்பிய வீடியோ. கடலுக்கடியில் ஆட்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இவங்க ஏன் கையக் கையக் காட்டுறாங்க?"

"அடியில பேச முடியாதுக்கா. முதுகுல காத்து சிலிண்டர், வாயில குழாய். அதான் சைகை."

"பேசவே முடியாதா?"

"முடியாது."

"கூப்புடவும் முடியாதா? ஆயா, இவன் என்னக் கடிச்சிட்டான்னு?"

"கடிச்சாலும் சொல்ல முடியாதுக்கா."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

அடுத்த வாரமே உனவட்டுனக் கடற்கரையில் ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் ஓர் இடத்துக்கு போன் போட்டு, தன் தெளிவான சிங்களத்தில் பேசி, நாள் குறித்துவிட்டார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்களாம். என் நம்பரைக் கொடுத்திருந்தார்.

"ஒங்களுக்கு நீந்தத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"நீச்சல் மேல மெதக்குறவங்களுக்குத்தானே தம்பி? நான் கீழல்ல போறேன்."

இனி அண்ணனைச் சமாளிக்க வேண்டும். அக்காவின் அண்ணன் மாரிமுத்து, தோட்டக் கமிட்டியின் தலைவர். வீட்டிலும் அவர் தலைவர்தான். அவரிடம் அக்கா கதிர்காமம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"பொய்தானேக்கா?"

"எம்பிலிப்பிட்டிய வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே பஸ்சு. அதுவரைக்கும் பொய் இல்ல."

வயதானவர்களுக்கு டொக்டர் கடிதம் வேண்டும் என்று கடற்கரையில் சொல்லியிருந்தார்கள். அதையும் தோட்டத்து டொக்டரிடம் கதிர்காமத்து மலை ஏறப் போவதாகச் சொல்லியே வாங்கினார். கூட்டமே வழியனுப்ப வந்துவிடும் என்று பயந்து, விடியற்காலையில் கொழுந்து லொறியில் ஏறி பெல்மதுளைக்குப் போய், அங்கிருந்து தனியாக பஸ் ஏறினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. எங்கள் ஆபீசில் போனைக் காதில் வைத்தால் சிக்னல் போய்விடும். மேசையின் இடது மூலையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு குனிந்து பேச வேண்டும். எனக்கு எதிரே, கமிட்டி விஷயமாக வந்த தலைவர் உட்கார்ந்திருந்தார்.

பேசியவர் கடலுக்கடியில் கூட்டிப்போகும் பயிற்சியாளர், அசங்க என்று பெயர். சிங்களத்தில் சொன்னார்: "உங்கள் அத்தை கொண்டுவந்த கடிதத்தில் மலை ஏறலாம் என்று இருக்கிறது. இறங்குவதைப் பற்றி ஒன்றும் இல்லையே? அதைக் கேட்கத்தான் எடுத்தேன். நெந்தா முஹுத யட்ட..."

அத்தோடு சிக்னல் செத்தது.

நெந்தா என்றால் அத்தை. முஹுத யட்ட என்றால் கடலுக்கு அடியில். தலைவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் காகிதம் புரட்டிக்கொண்டிருந்த அவர் காதில் விழுந்தது அந்தக் கடைசி மூன்று சொல் மட்டும்தான். அப்போது தோட்டத்தை விட்டு வெளியூர் போயிருந்தது அக்கா ஒருவர்தான். நாற்காலி விழ எழுந்தார். "தங்கச்சீ!" என்று ஓர் அலறல். நான் மேசையைச் சுற்றி வருவதற்குள் ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஓடிவிட்டார்.

நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது ஒப்பாரி தொடங்கியிருந்தது. கொழுந்துக்கூடைகள் வழியெல்லாம் கிடந்தன. துக்கத்துக்கு வருகிறவர்களுக்கென்று யாரோ அடுப்பில் சோற்றுப் பானையை வைத்துவிட்டார்கள்.

"ஆயா சாகலீங்க!" என்று கத்தினேன். "கடலுக்கடியில மீனு பாக்கப் போயிருக்கு! கூட்டிட்டுப் போறதுக்கு ஆளு இருக்கு!"

அழுகை நின்றது. ஒரு கணம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிறகு ஒரே குரலில் கேட்டார்கள்:

"தனியாவா?"

செத்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள்.

அரை மணி நேரத்தில் வேன் வந்தது. இருபத்தாறு பேர் ஏறினோம். துக்கத்துக்கு வைத்த சோறு பானையோடு ஏறியது, கருவாட்டுச் சம்பல் ஏறியது. மேளத்தை மட்டும் நான் இறக்கி வைத்தேன்.

தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எம்பிலிப்பிட்டிய தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா வெள்ளத்துல போனவருங்க. அப்ப அவளுக்கு ஆறு வயசு. அதுக்கப்புறம் ஆத்துல காலு வைக்க நான் அவள விட்டதில்ல. நானும் வச்சதில்ல."

தெரிந்தே அனுப்பிவைத்தவன் நான்.

அந்த நேரம் பார்த்து சிக்னல் கிடைத்து என் போன் அடித்தது. அசங்கதான். "அத்தையை இங்குள்ள டொக்டரிடமும் காட்டிவிட்டேன், எல்லாம் சரி. காலையில் ஆழமில்லாத தண்ணீரில் நன்றாகப் பழகிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் போட்டில் ஏறுகிறோம்." தலைவர் போனைப் பிடுங்கி, "ஏத்தாதீங்க!" என்று தமிழில் கத்தினார். அதற்குள் அது கட்டாகிவிட்டது.

நாங்கள் போய் இறங்கியபோது உனவட்டுனக் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். சோற்றுப் பானையோடு இருபத்தாறு பேர் வரிசையாக வந்ததைப் பார்த்ததும் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். தூரத்தில் ஒரு போட் நின்றது. பக்கத்தில் தண்ணீர் வெறுமையாக இருந்தது.

திடீரென்று மூன்று தலைகள் மேலே வந்தன. நடுவில் இருந்த பெரிய தலையை மற்ற இரண்டும் தள்ளி போட்டில் ஏற்றின. தள்ளியதில் ஒருவர் அக்கா.

இருபத்தைந்து வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன: "ஆயாவ்!"

அக்கா கரையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு குழாயை வாயில் வைத்துக்கொண்டு, அசங்கவிடம் கட்டைவிரலைக் கீழே காட்டி, மறுபடியும் முங்கிவிட்டார்.

அடுத்த இருபது நிமிடம் தலைவர் மணலில் ஒரே இடத்தில் நின்றார். வாய் திறக்காத ஒரே ஆள் அவர்தான்.

போட் கரைக்கு வந்தபோது அக்கா கறுப்பு ரப்பர் உடுப்பில், பிதுங்கிக்கொண்டு, நனைந்த கடல்நாய் மாதிரி உட்கார்ந்திருந்தார். தலைவர் கட்டியிருந்த சாரத்தோடு தண்ணீரில் இறங்கினார். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. ஒவ்வோர் அலைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். போட்டைப் பிடித்துக்கொண்டு மற்ற கையை நீட்டினார்.

"அண்ணே, நனையுறீங்க."

"நீ பேசாத." கொஞ்சம் பொறுத்து, "சாப்புட்டியா?" என்று கேட்டார்.

நடந்ததை அசங்கதான் சொன்னார். கூட வந்த ஆறடி வெள்ளைக்காரரின் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்திருக்கிறது. மனிதர் பயந்து, வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுக் கைகால் அடிக்கத் தொடங்கிவிட்டார். அசங்க நெருங்குவதற்குள் அக்கா அவரை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, குழாயை வாயில் திணித்து, முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். "இத்தனை வருடத்தில் கடலுக்கடியில் ஒருவர் தாலாட்டு வாங்குவதை நான் பார்த்ததில்லை" என்றார் அசங்க.

"பால் போத்தலத் துப்புற பிள்ளைக்குத் திரும்ப வாயில வைக்கிறது எனக்கென்ன புதுசா?" என்றார் அக்கா. "இது கொஞ்சம் பெரிய பிள்ள."

பெரிய பிள்ளை வெளிறிப்போய் நன்றி சொல்ல வந்து நின்றது. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்து, "இதுக்குப் பசி" என்று தீர்ப்பளித்தார். எங்கள் நடுவே மணலில் உட்காரவைத்து, சோறும் கருவாட்டுச் சம்பலும் கொடுத்தோம். காரத்தில் கண்ணில் நீர் வழிய இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லோரும் சாப்பாட்டில் இருந்தபோது அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னக்கா பாத்தீங்க?"

"ஒரு மீனு தம்பி. பச்சையும் நீலமுமா, இம்புட்டுப் பெருசு. மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சு. அது என்னப் பாத்துச்சு, நான் அதப் பாத்தேன்." ஈரத் தலைமுடியைப் பிழிந்துவிட்டார். "அதுக்கு என்கிட்ட ஒண்ணுமே வேணாம்."

அதற்குள், "ஆயா, தண்ணி எங்க?" என்று யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

இப்போது நான் மாற்றலாகிக் கேகாலையில் இருக்கிறேன். இங்கே வருவதற்கு முந்திய மாதம் அக்கா மறுபடி கடலுக்குப் புறப்பட்டார். இந்த முறை ஒளிவு மறைவு இல்லை. "ஒரு ஆளு கூடப் போகக் கூடாது. போனா கமிட்டியில விசாரிப்பேன்" என்று தலைவர் தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பெல்மதுளைச் சந்தி வரை பையைச் சுமந்துகொண்டு வந்தவரும் அவர்தான். பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரத்தில் உட்காரவைத்து, பையை மடியில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பஸ் வளைவில் மறையும்வரை தலைவர் அங்கேயே நின்றார். ஆபீசில் எனக்குத் தலைக்கு மேல் வேலை கிடந்தது. வழியனுப்ப வந்த நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.