தண்டுவடம் முடித்துவைத்த சம்பந்தம்

இந்நிகழ்ச்சிக்கு முன்னர் கோவில்பட்டி வட்டாரத்தில் எனக்கிருந்த மதிப்பை முதலில் சொல்லிவிடுவதே முறை. விலங்கியலில் பட்டம் பெற்றவன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் என்னை வீதியில் எவரும் கண்டதில்லை. (வீட்டிலும் மிகச் சிலரே கண்டிருக்கிறார்கள்.) அடைமழையில் கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுக்கும்போதுகூட நடையில் கம்பீரம் குறையாதவன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில், புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். என் தாய்மாமன் உடன் வந்தார். எங்கள் வழக்கப்படி அவர் கையால் வெற்றிலை மாறினால்தான் பேச்சு உறுதியாகும். அவர் எழுந்து நடந்தால் எல்லோரும் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

காப்பி கொண்டுவந்த பெண் என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். இவளைத் தவிர வேறு எவரையும் மணப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தது பெருமூளை என்பதை அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் குறிப்பிட்டுவிடுகிறேன்.

பெண்ணின் தகப்பனார் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி. ஊர் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்பவர். பள்ளியில் என்ன பாடம் நடத்துகிறேன் என்று மரியாதைக்குக் கேட்டார். அப்படிக் கேட்பவர்களுக்கு இரண்டு சொல்லில் பதில் சொல்லி நிறுத்தும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை. மைய நரம்பு மண்டலம் என்று தொடங்கினேன். சிந்திப்பதும் நினைவில் வைப்பதும் பெருமூளை. நடக்கும்போது உடம்பு சாயாமல் காப்பது சிறுமூளை. நாம் தூங்கினாலும் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்வது முகுளம். அத்தோடு விட்டிருக்கலாம். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம், சில வேளைகளில் மூளையைக் கேட்காமலே கைகால்களுக்கு உத்தரவு போட்டுவிடும் என்றும் சொன்னேன்.

பெரியவர் முகம் இறுகியது.

"தம்பி, அது மத்தவியளுக்கு இருக்கும். என்னயக் கேக்காம எங் காலு அசையாது" என்றார்.

அறிவியலுக்கு விடப்பட்ட சவாலாக அதை எடுத்துக்கொண்டேன். அவரை உயரமான பெஞ்சில் கால்கள் தொங்க உட்காரவைத்தேன். வெற்றிலையோடு வைத்திருந்த பாக்குவெட்டியை எடுத்து, அதன் முதுகால் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டுத் தட்டினேன். இதில் சூது ஏதும் உண்டோ என்று மாமா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபடியே முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கால், பாடநூல் படத்தைவிடத் தெளிவாக இயங்கியது. மாமாவின் மோவாயில் பட்டது. அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சட்டையில் இறங்கியது.

சம்பந்தம் பேச வந்த இடத்தில், பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் தாய்மாமனை மிதித்துவிட்டார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏலே, எந்திரி. மிதி வாங்கவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தோம்?"

நான் பதறிப்போய் விளக்கினேன். மிதித்தது பெரியவர் அல்ல. முழங்காலில் பட்ட அடி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போக, அங்கிருந்தே காலுக்கு உத்தரவு வந்துவிட்டது. மூளைக்குச் செய்தி பிறகுதான் போய்ச் சேர்ந்தது என்றேன். இதனால் நிலைமை மேலும் மோசமாயிற்று. பெரியவர் மன்னிப்புக் கேட்டால், வேண்டுமென்றே மிதித்ததாகும். என் விளக்கத்தை ஒப்புக்கொண்டால், சொந்தக் காலே பேச்சைக் கேட்காத மனிதர் ஊருக்குத் தீர்ப்புச் சொல்வதாகும். அவர் இரண்டுக்கும் இசையாமல் தம் காலை முறைத்துக்கொண்டிருந்தார். மாமா வாசலில் செருப்பைத் தேடினார். என் கல்யாணம் அந்தச் செருப்போடு படியிறங்கப் போகிறது என்று தெரிந்தது.

அப்போது அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பெண் பேசினாள். (அந்நாளில் அது வழக்கமில்லை.)

"அப்பா, அந்த மாமா காலயும் ஒருக்க தட்டிப் பாக்கச் சொல்லுங்க. அவிய காலு அவிய பேச்சக் கேக்குதான்னு பாப்போம்."

மாமா திரும்பி வந்தார். பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்.

"அடிலே. அசஞ்சா இன்னைக்கே வெத்தில மாத்துதேன். அசயலன்னா இந்தப் படி ஏற மாட்டேன்."

அவர் எதிரே குத்தவைத்தேன். தட்டினேன். மாமாவின் பாதம் என் மார்பில் பதிந்தது. என் மூக்குக்கண்ணாடி சேவுத் தட்டில் போய் விழுந்தது.

பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒம்ம மருமவன மிதிச்சிட்டீரே. வேணும்னேவா செஞ்சீரு?"

மாமா தம் காலை வெகுநேரம் பார்த்தார்.

"நான் எங்க மிதிச்சேன்? அதுவால்ல போச்சு" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி."

முதலில் சிரித்தவர் மாமா. அடுக்களையிலிருந்தும் சிரிப்பு வந்தது. வெற்றிலை மாறியது. தையில் கல்யாணம் நடந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யார் எதை உடைத்தாலும், நான் இல்லை, தண்டுவடம் என்கிறார்கள். பேரப்பிள்ளைகளிடமும் இது பரவிவிட்டது. அதை நான் ஆட்சேபிப்பதில்லை. ஆனால், மாமா விட்ட உதையில் நான் மல்லாந்து உருண்டு அடுக்களை வாசல்வரை போனதாகவும், பெண்ணே வந்து தூக்கி நிறுத்தியதாகவும் என் மனைவியின் உறவினர்கள் கல்யாண வீடுதோறும் சொல்லி வருகிறார்கள். அது தவறு. நான் விழவில்லை. குத்தவைத்திருந்தவன், உட்கார்ந்தேன்.