பத்துக்குப் பத்து

ஆணும் பெண்ணும் சமம் என்று உலகம் நெடுங்காலமாகப் பேசிக்கொண்டு மட்டும் இருந்தது. அதை நிரூபித்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி மேலிடத்துக்கு அனுப்பிவைத்த பெருமை, வட்டகொடைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர் சோலைமலையையே சேரும். அவர் எடுத்துக்கொண்ட காலம் ஒன்பது நாட்கள். அதிலும் இரண்டு நாள் வீணாகப் போயிற்று.

வீணானதற்குக் காரணம் தமிழ்மொழி. மேலிடத்துச் சுற்றறிக்கையில் 'வகுப்பறையில் பால்நிலைச் சமத்துவம்' என்றிருந்தது. சோலைமலை அதை இரண்டு முறை வாசித்து, பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கப் போகிறார்கள் என்று தெளிந்து, நூற்றெண்பது கோப்பைகள் தேவை என்று பதில் எழுதினார். கணித ஆசிரியை சர்மிளாதான் அந்தக் கடிதத்தைத் தடுத்து நிறுத்தினார்.

"சேர், இது குடிக்கிற பால் இல்லைங்க. ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள விசயம்."

"அப்ப கோப்பை வேணாமா?"

"வேணாங்க. வகுப்புல ரெண்டு பேர்கிட்டயும் சமமா கேள்வி கேக்குறோமான்னு பாக்க, வர்ற புதன்கிழமை ஒரு மெடம் வர்றாங்க."

சோலைமலை சோம்பலறியாதவர். ஏழு பேர் கொண்ட 'பால்நிலைச் சமத்துவ உயர்மட்டக் குழு' அன்று பகலுக்குள் உதயமாயிற்று. ஏழு பேரும் ஆண்கள். சர்மிளா இதைப் பணிவோடு சுட்டிக்காட்டினார்.

"பொம்பளைங்க விசயத்துக்குப் பொம்பளைங்களையே போட்டா பக்கச்சார்பு ஆகிப்போகும் டீச்சர்," என்றார் சோலைமலை. "நீங்க கூட்டத்துக்கு டீ ஏற்பாட்டப் பாருங்க. அதுவும் பங்களிப்புத்தான்."

சர்மிளா தேநீரோடு ஒரு கணக்கையும் கொண்டுவந்து வைத்தார். தரம் பதினொன்றுக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவில் இருப்பது அரைச்சுவர். விஞ்ஞான ஆசிரியர் வீரய்யா ஒரே நாளில் பையன்களிடம் முப்பத்தொரு கேள்வி கேட்டிருந்தார். பெண் பிள்ளைகளிடம் இரண்டு. அவற்றில் ஒன்று, "சோக்குக்கட்டி எங்க?" மற்றது, "மழை விட்டுருச்சா?"

வீரய்யா மனம் நொந்துபோனார். "நான் என்ன வேணும்னா கேக்காம விடுறேன்? பேரு தெரியணும்ல."

"நாலு வருசமா அந்தப் புள்ளைங்களுக்குப் படிப்பிக்கிறீங்க சேர்."

"ஏன், அந்த ரெட்டைச் சடைப் புள்ளைய எனக்கு நல்லாத் தெரியுமே."

அந்த வகுப்பில் பதினேழு பெண் பிள்ளைகள். பதினேழு பேருக்கும் ரெட்டைச் சடை.

குழு ஆழ்ந்து ஆராய்ந்து ஒரு திட்டம் தீட்டியது. புதன்கிழமை இருபது கேள்விகள் கேட்கப்படும். பையன்களுக்குப் பத்து, பெண் பிள்ளைகளுக்குப் பத்து. பெண் பிள்ளைகள் பயந்துவிடக்கூடாது என்ற பரிவினால், அவர்களுக்குரிய பத்தும் இலகுவானவையாகத் தெரிவு செய்யப்பட்டன.

குறித்த நாளில் ரஸீனா மெடம் வந்து கடைசி வாங்கில் அமர்ந்தார். அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. அதில் 'ஆண்', 'பெண்' என்று இரண்டு நிரல்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போட வேண்டும்.

வீரய்யா தொண்டையைச் செருமினார். "கிஷாந்த், பன்னெண்டு வோல்ட், மூணு அம்பியர். தடை எவ்வளவு?"

கிஷாந்த் எழுந்து கூரையைப் பார்த்தான். விடை அங்கே இல்லை. மூன்றாவது வரிசையில் தனுஜா கையை உயர்த்தினாள்.

"கைய எறக்கும்மா. இது பையன்களோட கேள்வி. அவங்க பங்க நீ எடுத்தா சமத்துவம் என்னாவுறது?"

தனுஜா கையை இறக்கினாள். தன் முறைக்காகக் காத்திருந்தாள். ஆறு கேள்விகள் கழித்து அது வந்தது. வீரய்யா கையிலிருந்த பட்டியலைப் பார்த்துப் பெயரை வாசித்தார்.

"தனுஜா, ஜன்னல் பூட்டியிருக்கா, தெறந்திருக்கா?"

"தெறந்திருக்கு சேர். கிஷாந்தோட கேள்விக்கு விடை நாலு ஓம்."

வீரய்யா கடைசி வாங்கைப் பார்த்தார். மெடம் தனுஜாவைப் பார்த்தார். பிறகு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டது என்ன கேள்வி என்று எழுத அதில் இடமில்லை. யார் விடை சொன்னார் என்று எழுதவும் இடமில்லை. பெருமூச்சு விட்டு, பெண் நிரலில் ஒரு கோடு போட்டார். மணி அடித்தபோது பத்துக்குப் பத்து.

புறப்படும்போது மெடம் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார். அட்டனில் விஞ்ஞான வினாவிடைப் போட்டி, பாடசாலைக்கு ஒருவர். சோலைமலை அந்த நிமிடமே கிஷாந்தின் பெயரை எழுதினார்.

மறுநாள் தனுஜாவின் தாய் பேச்சியம்மா, அரை நாள் கொழுந்து பறிப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். தலையில் கூடைக்கயிற்றின் தடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"எங்க புள்ளைகிட்ட என்னங்க சேர் கொறை?"

"கொறையா? யாரு சொன்னா?" சோலைமலை பரவசத்தோடு விளக்கினார். "நம்ம ஸ்கூல்ல ஆணும் பொண்ணும் சமம்மா. மெடமே எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க. ரெண்டும் சமம்னா, கிஷாந்த் போனா என்ன, தனுஜா போனா என்ன?"

பேச்சியம்மா தலையாட்டினார்.

"அப்படின்னா தனுஜாவே போகட்டுங்க."

இருபத்தாறு வருடச் சேவையில் சோலைமலை வாசித்த எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பதில் இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. பேனாவை எடுத்தார். கிஷாந்தின் பெயருக்கு மேலே கொண்டுபோனார். அது தொட்டுவிடும் தூரத்தில் வந்தபோதுதான், தனியொருவர் முடிவெடுப்பது ஜனநாயகம் ஆகாதே என்ற ஞானம் அவருக்குப் பிறந்தது.

விடயம் உயர்மட்டக் குழுவுக்குப் போயிற்று. முதற்கூட்டத்தில், பொம்பளப் பிள்ளையை பஸ்ஸில் தனியாக அனுப்பலாமா என்று ஆராய்ந்தார்கள். நான் கூடப் போகிறேன் என்றார் சர்மிளா. இரண்டாம் கூட்டத்தில், சர்மிளா டீச்சரை பஸ்ஸில் தனியாக அனுப்பலாமா என்று ஆராய்ந்தார்கள். "நாந்தான் தனியா இல்லையே, தனுஜா கூட வர்றாளே," என்றார் சர்மிளா. இந்தப் புதிய சிக்கலை ஆராய மூன்றாம் கூட்டம் திங்கட்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. போட்டி சனிக்கிழமை.

கிஷாந்த் போனான், முதற்சுற்றிலேயே திரும்பி வந்தான்.

"நாந்தான் சொன்னேன்ல சேர், அவள அனுப்புங்கன்னு," என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான்.

அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. வகுப்பறைச் சமத்துவத்தில் முதலிடம். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அதிபர் அறையில் உயரமாக மாட்டியிருக்கிறார்கள். மலைப்பனியில் கண்ணாடி தினமும் காலையில் மங்கிப்போகும் என்பதால், அதைத் துடைக்க மாணவிகளின் பெயர்களைக் கொண்ட முறைப்பட்டியல் ஒன்று இருக்கிறது. துடைப்பது முதலாம் பாடவேளையில். தரம் பதினொன்றுக்கு அப்போது விஞ்ஞானம்.

செவ்வாய்க்கிழமை தனுஜாவின் முறை. வாங்கில் ஏறி நிற்கும்போது, பக்கத்து அறையில் வீரய்யா பையன்களிடம் கேட்கும் கேள்வி அங்கே தெளிவாகக் கேட்கும். விடையை விரலால் கண்ணாடிப் பனியில் எழுதுகிறாள். சரிதானா என்று ஒரு தடவை பார்க்கிறாள். பிறகு துணியை எடுத்து அழுத்தித் துடைக்கிறாள்.

எங்கள் மலைநாட்டில் சமத்துவம் பளபளவென்று இருக்கிறது.