இடியேறு ஹார்லனும் எம் தலைவரும்

உலகத்து மல்லர்களுள் நெடுங்காலம் உச்சத்தில் வீற்றிருந்தவர் யார் என்னும் வினா, அமெரிக்கப் பெருநகரங்களிலும் மெக்சிக்கோவின் அரங்குகளிலும் யப்பானியத் தீவுகளிலும் விடையின்றித் தவித்துக் கிடந்தது. ஐயத்துக்கு இடமற்ற விடை வெள்ளவத்தையில், கடலோரப் புகையிரதப் பாதைக்கு அணித்தான ஒரு மண்டபத்தில், பிற்பகல் தேநீருக்கு முன்னதாகவே காணப்பட்டது. அவ்விடையைக் கண்ட சபையின் தேர்தல் அதிகாரியும் பண்டிதருமானவன் அடியேன். ஆதலால் இதனை எழுதும் தகுதி எனக்கு உண்டு, பிறர்க்கு இல்லை.

எங்கள் சபையின் திருப்பெயர் 'சைவச் செந்நெறிப் பேணுநர் மன்றம்'. அதன் தலைவர் திருவாளர் பரஞ்சோதிநாதர். பதினோராண்டுகளாக அவரே தலைவர். அவர் ஆற்றிய தொண்டுகள் விரிப்பின் பெருகும். ஆகவே விரிக்காது விடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க இயலாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மன்றத்துக்கு ஒரு வாசிகசாலை உண்டு. பழைய அரிசி வணிகர் ஒருவர் ஏழைப் பிள்ளைகள் படிக்கவென்று கட்டிக் கொடுத்தது. தலைவர் பதவியேற்ற முதலாண்டிலேயே அங்கு சென்று பார்வையிட்டார். வாசகர்கள் தொடுவதால் நூல்கள் தேய்கின்றன என்பதைக் கண்டறிந்தார். அன்றே பூட்டினார். அன்றிலிருந்து அங்கே ஒரு நூலும் களவு போனதில்லை. கறையான்கள் மட்டும் அங்கத்துவம் பெறாமலே வாசித்து வருகின்றன.

இத்தகைய பாதுகாப்பின் அருமையை உணராத ஒருவர் எங்கள் சபையிலேயே இருந்தார். அவர் திருமதி அருள்நாயகி. பகலில் வங்கியில் பணி. மாலையில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதம் கற்பிப்பார். ஓர் அறைக்குள் ஆறு பேர் வாழும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். இடமில்லாமையால், ஜவாத் என்னும் அன்பர் தமது கோழிக்கடையின் பின்புறத்துக் கொட்டிலைக் கொடுத்திருந்தார். சிவசிவா, கோழி வெட்டும் ஓசைக்கு நடுவே திரிகோணகணிதம் நடந்தது. இப்போது அதற்கும் கேடு வந்தது. கிறித்தவர்தம் நத்தார்ப் பண்டிகை நெருங்குவதால் கோழிகளை அடைக்கக் கொட்டில் வேண்டும் என்று ஜவாத் வருந்திச் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் சாதாரண தரப் பொதுப் பரீட்சையோ கோழிகளைப் போலவே நெருங்கிக்கொண்டிருந்தது. அருள்நாயகி வாசிகசாலைச் சாவியைக் கேட்டு மூன்று முறை தலைவரிடம் சென்றார். சாவி தலைவரிடம் இருப்பது தனிமனிதர் என்ற முறையில் அன்று, தலைவர் என்ற முறையிலேயே என்று அவர் பண்போடு விளக்கி அனுப்பினார். அதன்பின்புதான் அம்மையாருக்குத் தாமே தலைவராகும் தகாத எண்ணம் உண்டாயிற்று.

இது நிற்க. இளைஞர்கள் மன்றத்துக்கு வருவதில்லை என்ற குறை எங்களுக்கு நெடுநாளாக உண்டு. அவர்கள் கைத்தொலைபேசியில் எதையேனும் வரிசைப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று தலைவர் கேள்விப்பட்டார். சிறந்த பத்துக் கொத்துரொட்டிக் கடைகள், சிறந்த பத்துப் பந்துவீச்சாளர்கள், மல்லர்களின் ஈடிணையற்ற உச்சக்காலங்கள் பத்து. முதலிரண்டும் சபைக்கு ஒவ்வா. மூன்றாவதோ வீரம், வீரம் நம் மரபு. எனவே ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்திய ஞாயிறன்று 'மல்லர்தம் பல்லாண்டு உச்சம்' என்னும் பொருளில் ஓர் ஆய்வரங்கு கூட்டப்பட்டது. உரையாற்றியவர் புஷ்பராஜ். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் மேற்பார்வையாளர், கொட்டாஞ்சேனை வாசி, முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் மற்போர் பார்ப்பதைத் தவிர வேறு குற்றம் அறியாதவர்.

தலைவரே முதல் வினாவை எழுப்பினார்.

"புஷ்பராஜ், இந்தச் சண்டையள் உண்மையோ பொய்யோ? சபைக்குத் தெளிவாச் சொல்லும்."

"முடிவு முன்னாடியே பேசி வச்சதுதாங்க, ஐயா. ஆனா விழுறவன் நெசமாத்தான் விழுறான். அவன் முதுகுக்கு அந்தப் பேச்சு தெரியாதுங்களே."

"முடிவு தெரிஞ்சால் சனம் ஏன் காசு குடுத்துப் பார்க்குது?"

"யார் ஜெயிப்பாங்கன்னு பார்க்க வர்றதில்லைங்க. எப்படி ஜெயிக்க வைக்கிறாங்கன்னு பார்க்க வர்றாங்க."

எனக்கு மெய்சிலிர்த்தது. சூரன் தோற்பான் என்று அறிந்தும் சூரன்போரன்று நம்மில் யாரும் வீட்டில் தங்குவதில்லையே. அந்நிய நாட்டார் நம்மிடமிருந்தே இதனைக் கற்றனர் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

புஷ்பராஜ் பலரையும் எடுத்துரைத்தார். ஒசாக்காவின் கென்ஜிரோ மூன்றாண்டுகள் யாராலும் சாய்க்கப்படவில்லை. ஒவ்வொரு போரும் ஒரு மணி நேரம். ஆயினும் வெற்றிக் கச்சையைத் தொடர்ந்து ஐந்தாண்டுகள் அரையில் கட்டியிருந்தவர் டெக்சஸ் நாட்டு ஹார்லன். இடியேறு என்பது அவர்க்குப் பட்டம். அவருடைய உச்சத்துக்குக் காரணம் ஒரே பிடி. எதிரியைக் குழந்தைபோல் இரு கைகளிலும் ஏந்தி, இருமுறை தாலாட்டி, நிலத்தில் கிடத்துவார். கிடந்தவர் எழார். அதன் பெயர் 'இரும்புத் தொட்டில்'. அதற்கு முன் ஹார்லன் உள்ளங்கைகளைத் தேய்ப்பார். அரங்கம் முழுவதும் 'தொட்டில்' என்று முழங்கும்.

"எப்ப வரும்னு எல்லாருக்கும் தெரியும். எதிராளிக்கும் தெரியும். ஆனா தப்ப ஏலாது. அந்தப் பிடி இருக்கிற வரைக்கும்தாங்க உச்சம்" என்றார் புஷ்பராஜ்.

பின்வரிசையிலிருந்து அருள்நாயகி கேட்டார். "அந்தப் பிடியை ஒருத்தரும் உடைக்கேல்லையோ, அண்ணை?"

"உடைக்கலைங்க டீச்சர். நீலப் பருந்துன்னு மெக்சிக்கோக்காரர், மெலிஞ்ச ஆளு. அவரு முந்திக்கிட்டாரு. ஹார்லனையே தூக்கி அதே தொட்டில்ல ஆட்டிட்டாரு."

"பிறகு?"

"பிறகு நடுவர் மூணு வரைக்கும் எண்ணணும்ங்க. அங்கதான் சிக்கல்."

உரையின் முடிவில் தலைவரை ஓரிரு சொற்களால் வாழ்த்துமாறு நான் முன்னரே புஷ்பராஜைக் கேட்டிருந்தேன். அவரும் மறவாது, "நம்ம தலைவர்கிட்டயும் அப்படி ஒரு பிடி இருக்குதுங்க. பதினோரு வருஷமா யாரும் எழும்பலை" என்றார். சபை கைதட்டியது. தலைவர் கைகூப்பினார். அருள்நாயகி மட்டும் கைதட்டவில்லை, ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்பிடி யாதென அறியாதார்க்கு விளக்குவது என் கடன். எங்கள் மன்றத்தின் யாப்பாகிய சட்டநூல் மிகச் செறிவானது. 'தலைவர் தெரிவு கை உயர்த்தலால் நிகழும்' என்பது அதன் விதி. ஆண்டுதோறும் தேர்தலின்போது தலைவர் ஆசனத்தை விட்டு இறங்கி, சாதாரண அங்கத்தவர்போல் முன்வரிசையில் அமர்வார். 'நடப்புத் தலைவரே தொடர விரும்புவோர் கை உயர்த்துக' என்று நான் அறிவிப்பேன். அந்தக் கணத்தில், பதவியை எண்ணியன்று, பரம்பொருளை எண்ணி உள்ளம் உருகி, வெண்கல மணி போன்ற குரலில் தலைவர் "நம பார்வதீ பதயே" என்பார். சைவராய்ப் பிறந்தார் எவரேனும் அதைக் கேட்டபின் வாளாவிருப்பாரா? "அரகர மகாதேவா" என்று மண்டபம் அதிரும். அத்தனை கைகளும் தலைக்கு மேல் ஏறும். அடியேன் அப்போது பக்திப் பெருக்கால் கண்மூடி நிற்பேன். கண் திறக்கையில் ஒரு கையும் கீழே இராது. எதிராக ஒரு கையும் இல்லை. நடுநிலையாக ஒரு கையும் இல்லை. 'ஏகமனதாக' என்று பதிவேன். பதினோராண்டும் இவ்வாறே.

பொதுக்கூட்டத்துக்கு முன், கொட்டாஞ்சேனை அங்கத்தவர்களின் வீடு வீடாகச் சென்று, அந்தக் கணத்தில் மட்டும் கைகளைக் கீழே வைத்திருக்குமாறு அருள்நாயகி வேண்டியதாகக் கேள்வி. நாத்திகம் எவ்வளவு தூரம் பரவியுள்ளது பாருங்கள். நல்லவேளையாக ஒருவரும் இணங்கவில்லை. "அது ஏலாது பிள்ளை, கை தன்பாட்டுக்குப் போகுது" என்று சொல்லிவிட்டார்களாம். அத்துடன் அம்மையாரின் முயற்சி முடிந்தது என்றே நாங்கள் கருதினோம்.

பொதுக்கூட்டம் கூடியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகையினர் வந்திருந்தனர். அவர்களுள் பிள்ளைகளின் தாய்மார் பலர். மரக்கறி ரோல்ஸ் போதாமற் போகுமோ என்ற கவலை எனக்கு உண்டாயிற்று. தலைவர் இறங்கி முன்வரிசையில் அமர்ந்தார். நான் தேர்தலைத் தொடக்கினேன். புஷ்பராஜ் எழுந்து அருள்நாயகியின் பெயரை முன்மொழிந்தார். பல குரல்கள் வழிமொழிந்தன. இரு வேட்பாளர். இரகசிய வாக்கெடுப்பு வேண்டுமென்று யாரோ கேட்க, சிவசிந்தனைக்குரிய சபையில் இரகசியம் எதற்கு என்று தலைவர் மனம் நொந்தார். கை உயர்த்தலே நிலைத்தது.

யாரை முதலில் அழைப்பது? அகரவரிசை நம் முன்னோர் வகுத்த நெறி. அதனை மீற எனக்கு உரிமையில்லை. அகரம் பகரத்துக்கு முந்தியது. தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இலக்கணத்தின்மீது அவர் சினங்கொண்டதை அன்றுதான் கண்டேன்.

"திருமதி அருள்நாயகியை ஆதரிப்போர் கை உயர்த்துக" என்றேன்.

அம்மையார் எழுந்தார். கோழிகளின் கூச்சலை வென்று பழகிய குரல் அது.

"நம பார்வதீ பதயே."

"அரகர மகாதேவா" என்றது மண்டபம். நானும் சொன்னேன். வழக்கம்போல் கண்மூடினேன், வழக்கம்போல் திறந்தேன். ஒரு கையும் கீழே இல்லை. எல்லாக் கைகளுக்கும் மேலே, விரல்நுனி மின்விசிறியைத் தொடுமளவுக்கு, தலைவருடைய கைகள் நின்றன.

அந்நேரம் பாணந்துறைப் புகையிரதம் மண்டபத்தை உலுக்கிக்கொண்டு போயிற்று. தலைவர் தம் கைகளைக் கொதிநீர் பட்டாற்போல் இறக்கினார்.

"எண்ணுங்க ஐயா" என்றார் புஷ்பராஜ். "தொட்டில் போட்டாச்சு. எண்ண வேண்டியதுதானே."

"இதென்ன கூத்து?" என்றார் தலைவர். "சனம் கடவுளைக் கும்பிட்டது. அதை வோட்டெண்டு எண்ணுறதோ?"

"போன வருஷம் எண்ணினவைதானே" என்றார் அருள்நாயகி. "அதுக்கு முந்தின வருஷமும். ஒரு நாளும் நீங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

தாய்மார் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, சாவியைத் தந்தால் போதும், தலைவர் வேண்டுமானால் தலைவராகவே இருக்கட்டும் என்றார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளைப் பேசலாகாது என்று அவரை அமர்த்தினேன்.

இப்போது சபை முழுவதும் என்னையே நோக்கியது. மற்போரில் நடுவருக்கு இத்தகைய தருணத்தில் ஓர் அடி விழுந்து, அவர் நினைவிழந்து கிடப்பது மரபு என்று புஷ்பராஜ் ஆய்வரங்கில் சொல்லியிருந்தார். என்னை அடிப்பார் ஒருவரும் இலர். அடியார் கூட்டத்தில் அதுவே பெருங்குறை. ஆகவே நினைவோடு நின்றே தீர்ப்பளிக்க நேர்ந்தது.

பழைய உரையாசிரியர்களின் நடையில் ஆராய்ந்தேன். உயர்ந்தவை அதே கைகள். முழங்கியது ஒரே நாமம். ஆயினும் சொல்வோர் வேறாயின் பொருளும் வேறாம். அருள்நாயகி அம்மையார் திருநாமத்தை உச்சரித்தபோது அடியவர் இறைவனை நினைந்தே கை உயர்த்தினர், அது பக்தி, எனவே வாக்காகாது. தலைவர் உச்சரித்தபோதெல்லாம் அவரை நினைந்தே கை உயர்த்தினர். எனவே அது வாக்கு, இவ்வாண்டுக்கும் செல்லும். இதுவே என் தீர்ப்பு. தீர்ப்பின் நுட்பத்தை வியந்து முன்வரிசையில் சிலர் தலையசைத்தனர்.

அருள்நாயகி தம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, வகுப்பில் பிழையான விடை சொன்ன பிள்ளையிடம் கேட்பது போல, சினமின்றிக் கேட்டார்.

"அப்ப பண்டிதர் ஐயா, இவ்வளவு வருஷமும் நாங்கள் கும்பிட்டது ஆரை?"

விடை கூற வேண்டியவர் தலைவர் என்பதால் அவரை நோக்கினேன். அவர் மறுப்பார், காதைப் பொத்துவார், 'சிவசிவா' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அடக்கமே உருவாய்ச் சற்றுத் தலைகுனிந்து, மெல்லப் புன்னகைத்தார்.

மறுப்பு எதுவும் பதிவாகாமையால் பன்னிரண்டாம் ஆண்டுக்கும் அவரே ஏகமனதாகத் தெரிவானார். ஒரு போரேனும் புரியாமல் ஹார்லனின் ஐந்தாண்டுகளை இருமடங்குக்கும் மேலாகக் கடந்த இவ்வுச்சமே உலகில் தலையாயது என்று சபை தீர்மானித்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பரீட்சைவரை எங்கே படிப்பார்கள் என்று சிலர் இன்னும் என்னைக் கேட்கிறார்கள். நாங்கள் கும்பிடுவது யாரை என்பது தெளிவாகிவிட்ட பிறகு அவர் இடுப்பில் தொங்கும் சாவி திறப்பது வாசிகசாலையையா? கருவறைக்குள் கண்ட பிள்ளைகளையெல்லாம் விட எந்தச் சைவன்தான் சம்மதிப்பான்?