பெயர் எழுதுகிறவர் வீடு

“அம்மாவுக்கு உங்க பேரு தெரியாதாப்பா?”

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, நுரையைத் துப்பிவிட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்குத்தான் அன்று முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை.

அவர் தொழிலே பெயர்ப் பலகை எழுதுவது. தெருவில் பாதி வாசலில் அவர் எழுத்துதான். பலகைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரை மனைவி பன்னிரண்டு வருஷமாக ‘ஏங்க’ என்றே கூப்பிடுகிறாள். மருந்துக்கடையில் தன்னோடு வேலை பார்க்கிறவனை மட்டும் போனில் வாய் நிறையப் பெயர் சொல்லி அழைக்கிறாள்.

மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார்.

“கடையில இருக்கிறவனுக்குப் பேரு. எனக்கு வெறும் ‘ஏங்க’வா?”

“அவன் தம்பி மாதிரிங்க. புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லுவாங்க.”

“சாமியை ஆயிரம் பேர் சொல்லிக் கூப்பிடறோம். சாமிக்கு ஆயுசு குறைஞ்சுபோச்சா?”

“நீங்க என்ன சாமியா?”

“அதெல்லாம் தெரியாது. நாளையிலேருந்து பேர் சொல்லித்தான் கூப்பிடணும்.”

மறுநாள் காலை அடுப்படியில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கூப்பிட்டாள். பன்னிரண்டு வருஷம் அடைத்து வைத்த பெயர் குக்கர் விசில் மாதிரி வெளியே வந்தது. மாடிவீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்தார்.

“என்னம்மா, அடிச்சிட்டாரா?”

பலகைக்காரருக்கு மானம் போயிற்று. “மரியாதையா ஒரு ‘சார்’ சேர்த்துக்கோ.”

சேர்த்தாள். மாலைக்குள் எதிர்வீட்டு அம்மாள் மகளைப் பிடித்து விசாரித்தாள்: “உங்க வீட்ல வந்து தங்கியிருக்கிற சார் யாருடி கண்ணு?”

“சாரும் வேணாம், மோரும் வேணாம். மெதுவா, அன்பாச் சொல்லிப் பழகு!” என்றார் அவர்.

அடுத்த நாள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, மொட்டை மாடியில் மனைவியின் குரல். யாரோ ஒருவன் பெயரைக் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

“யாருடி அவன்?”

ஈரத்துணி அவள் கையிலிருந்து நழுவியது. “ஐயோ, நீங்கதாங்க!”

அவர் பெயர்தான். அவள் குரலில் கேட்டுப் பழக்கமில்லாததால் அடையாளம் தெரியவில்லை.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “எனக்கு நீங்க மூணு பேரு வச்சிருக்கீங்க. ‘இந்தா’, ‘ஏய்’, ‘கேக்குதா’. நான் என்னைக்காவது சண்டைக்கு வந்தேனா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். சிரித்துக்கொண்டே துணியை உதறியதுதான் தைத்தது.

மறுநாள் மனைவியும் மகளும் கிளம்பிப் போனதும், வாசல் பலகையைக் கழற்றினார். அவர் பெயருக்கு மேலே ஒரு வரிக்கு இடம் காலியாகவே கிடந்தது. அங்கே, அதே அளவில், அவள் பெயரை எழுதினார். இரண்டு முறை கை பிசகியது, துடைத்துவிட்டு எழுதினார். மாட்டியபின் ஆளில்லாத வாசலில் நின்று அதை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தபால்காரர் வந்து சைக்கிளை நிறுத்தினார். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் வெளிறியது.

“இந்தம்மா இங்கேயா இருக்காங்க? தெருவே ‘தெரியாது’ன்னு சொல்லிச்சேன்னு, அவங்களுக்கு வந்த கடுதாசியெல்லாம் ‘அப்படி யாரும் இல்லை’ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேனே!”