மொட்டைகளுக்கு நடுவே ஒரு கிராப்பு

தலையில் அழகாகக் கிராப்பு வைத்திருப்பவனுக்குத் தலைக்குள்ளேயும் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பு தானாக வந்துவிடும். யுத்த காலத்தில், என் இருபத்து மூன்றாவது வயதில், எனக்கு இரண்டுமே இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். திருத்தணி அதில் ஒன்றை வாங்கிக்கொண்டது. இன்னொன்று எப்போதுமே இருந்ததில்லை என்று காட்டிக்கொடுத்தது.

அப்போது நான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆபீசில் கடைசிக் குமாஸ்தா. (வெளியூர் போனால் என்னையே 'இன்ஸ்பெக்டர் சார்' என்பார்கள். நானும் திருத்தியதில்லை.) திருத்தணியில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கன்னியம்மா டீச்சர் புதிதாக ஒரு வகுப்பு நடத்திவந்தார். வருஷக்கணக்கில் பள்ளிக்கூடம் வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒன்பது பையன்களுக்கு, காலையில் மணி அடிக்கும் முன்பே தனிப்பாடம். தை மாதம் ஒரு தடவை, ஆடி மாதம் ஒரு தடவை நான் போய்ப் படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். முன்னேற்றம் இருந்தால் வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் வகுப்புக்கும் சீட்டு கிழியும், டீச்சருக்கும் சீட்டு கிழியும். பையன்களைப் பெற்றவர்களும் அந்த முடிவுக்காகவே காத்திருந்தார்கள். இந்தத் தடவையும் படிப்பு ஏறவில்லை என்றால் மாடு மேய்க்க வேண்டியதுதான் என்று சொல்லியும் விட்டார்கள்.

முதல் தடவை புறப்படும்போதே பெரிய இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார்.

"அடுத்த வாட்டி போறப்ப, நல்லா படிக்கிற பசங்களைக் கொண்டாந்து 'இவன்தான் அவன்'னு நிறுத்திடுவாங்க. ஒவ்வொருத்தனையும் அடையாளம் பார்த்து வெச்சுக்க."

பெயரை வைத்து அடையாளம் பார்க்கலாம் என்றால், திருத்தணியில் அந்தப் பருப்பு வேகாது. மலைமேல் இருக்கிறவர் பெயரைத்தான் வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள். ஒன்பது பேரில் நாலு சுப்பிரமணி, இரண்டு முருகன், ஒரு வேலு, ஒரு கந்தசாமி. மிச்சம் ஒருவன் பஸ் மெக்கானிக்கின் மகன் காதர். கிராப்புக்காரனான எனக்கோ யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் முடிதான் கண்ணில் படும். முள்ளு முடி சுப்பிரமணி, ரெட்டைச் சுழி சுப்பிரமணி, குடுமி சுப்பிரமணி, எண்ணெய் வழியும் சுப்பிரமணி என்று தை மாதம் மனசில் பதித்துக்கொண்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி ஊர் திரும்பினேன்.

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாளுக்கு மறுநாள், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் மறுபடியும் போய் இறங்கினேன். தலையை வாரிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் கம்மென்று சந்தன வாசனை. பார்த்த தலையெல்லாம் மொட்டை. பக்கத்து வகுப்பை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் சந்தனம் பூசிய மொட்டைகள்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"என்ன டீச்சர் இது?"

"கிருத்திகைங்களே சார். வேண்டுதலுங்க."

"யாருக்கு?"

"எல்லாருக்குந்தாங்க."

அடையாளம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால் விஷயம் அப்போதே முடிந்திருக்கும். விட்டேனா? விறைப்பாக நின்றுகொண்டு, "இவங்க அதே பசங்கதான்னு நான் எப்படி நம்பறது?" என்றேன்.

டீச்சர் சாதுவானவர்தான். ஆனாலும் முகம் சிவந்துவிட்டது. "முடிதாங்க சார் போச்சி. தலை அதே தலைதான்" என்றார்.

பரீட்சையை ஆரம்பித்தேன். "சுப்பிரமணி, வாடா" என்று கூப்பிட்டதும் ஒரு மொட்டை ஓடி வந்து, புத்தகத்தைத் தண்ணீர் பட்ட பாடாகப் படித்துத் தள்ளியது. எனக்குப் பரம சந்தோஷம்.

"எப்படிடா இவ்வளவு நல்லா படிக்கிற?"

"நான் அஞ்சாங் கிளாசுங்க சார். அந்தாண்ட கிளாஸ்ல உக்காந்துகினு இருந்தேன். சுப்பிரமணின்னு கூப்ட்டீங்களேன்னு வந்தேன்."

அவனைத் துரத்திவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டேன். இவனும் போலி என்று நான் வெளியே அனுப்ப, அவன் உண்மையான கந்தசாமியாம். 'ஓ'வென்று அழ ஆரம்பித்தான். சரி, பெற்றவர்களே வந்து அடையாளம் காட்டட்டும் என்று ஆள் அனுப்பினேன். ரெட்டைச் சுழி சுப்பிரமணியின் அப்பா முனுசாமி, ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், தலையில் கட்டிய துண்டோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். வந்த வேகத்தில் எதிரே நின்ற மொட்டையின் காதைப் பிடித்துத் திருகி, "இன்னாடா பண்ணித் தொலைச்ச?" என்றார்.

"மாமா, நான் உங்க புள்ள இல்ல. உங்க புள்ள பின்னாடி நிக்கறான்."

பெற்ற அப்பனுக்கே இந்தக் கதி. அங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்போதுதான் மூலையில் ஒரு சுருட்டை முடி கண்ணில் பட்டது. காதர். அந்த அறையில் என்னைத் தவிர முடியோடு இருந்தவன் அவன் ஒருவன்தான். "இவனை எனக்கு நல்லா தெரியும். இவன் படிச்சா வகுப்பு இருக்கும். படிக்கலன்னா மூட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. "சார், அவன் மட்டும் வேணாங்க. இருக்கறதுலயே அவனுக்குத்தாங்க ரொம்ப கஷ்டம்" என்று கெஞ்சினார். உண்மைதான். தை மாதம் புத்தகத்தைக் காட்டியதும் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவன் அவன்.

பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருப்பான் என்று பையிலிருந்த அன்றைய செய்திப் பேப்பரை எடுத்து நீட்டினேன். (எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள் நான்.) காதர் விரலை வைத்தான். "ம... மண்... மண்ணெ..." என்று நின்றான். வேர்த்துக் கொட்டியது. மறுபடி முதலிலிருந்து வந்தான். "மண்ணெ... மண்ணெண்... ணெய்." மொட்டைகள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் அவனோடு சேர்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். முனுசாமி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். "கி... டைப்... பது... அரி... து."

படித்து முடித்தவன் நிமிர்ந்து பார்த்தான். "சார், மண்ணெண்ணெய் கெடைக்காதாங்க? எங்கப்பா நாளைக்கு வாங்கப் போறாரே" என்றான்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுதாத பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மிச்சப் பேரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். யார் எந்தச் சுப்பிரமணி என்று கேட்கவில்லை. தடுக்கித் தடுக்கியாவது எல்லாரும் படித்தார்கள். வகுப்பு தொடரும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"அப்ப மலைக்குப் போலாங்களா சார்?" என்றார் முனுசாமி.

"எதுக்கு?"

"இப்பத்தாங்க வேண்டிகினேன். கிளாசு நெலைச்சா இன்ஸ்பெக்டர் சாருக்கு மொட்டை அடிக்கறேன்னு."

"எனக்கா?"

"ஆங். வேற யாரு தலைய வேண்டிக்கறது?" என்று தலைத்துண்டை அவிழ்த்தார். அவரும் மொட்டை. "எங்க வூட்டுத் தலைங்க எல்லாம் முந்தாநேத்தே போச்சிங்களே."

"நான் வேண்டிக்கலையேப்பா."

"பசங்க மட்டும் வேண்டிகினாங்களா? பெரியவங்க வேண்டிகினா அடிச்சிக்க வேண்டியதுதாங்க."

வெள்ளிக்கிழமை அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும் என்று அழாத குறையாகச் சொன்னேன். "அந்தக் காரியமும் சேர்ந்து நல்லா முடியுங்க" என்றார் டீச்சர். (அந்தம்மாவுக்கு அன்றைக்குச் சிரிக்கவும் தெரியும் என்று கண்டுகொண்டேன்.) சாமி விஷயத்தில் எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? முன்னாலும் பின்னாலும் மொட்டைகள் 'அரோகரா' போட, நடுவில் என் கிராப்பு கடைசியாக ஒரு தடவை படியேறியது.

வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா வாசலில் என்னைக் கும்பிட்டுவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை அடுத்த வண்டியில வர்றாருங்களா?" என்றார். நான்தான் மாப்பிள்ளை என்று நிரூபிக்க முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

அவள் அன்றைக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொண்டாள்: இந்த மனுஷன் தலையை யார் வேண்டிக்கொண்டாலும் கொடுத்துவிடுவான். அதன் பிறகு எங்கள் வீட்டில் மகனுக்கு அம்மை இறங்கினாலும், மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்றாலும், பசு சினை பிடித்தாலும் திருத்தணிக்குப் போனது என் தலைதான். இப்போது தலையில் தானாகவே ஒன்றும் மிச்சமில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன். போன வாரம் பேத்திக்குப் பரீட்சை. என் மனைவி விபூதித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தாள், உச்சுக் கொட்டினாள், பிறகு மெதுவாக என் மீசையைப் பார்த்தாள்.