காங்காவுக்குள் போன தலை

மூன்று வாரம் வீடியோ பார்த்தால் எந்த விஷயத்திலும் நிபுணராகிவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில், பக்கத்து வீட்டுக் கம்பளத்தின் மேல் முடிவுக்கு வந்தது.

நான் மருந்துக் கம்பெனியில் கணினி வேலை பார்ப்பவன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். சின்ன வயதில் எட்டு மாதம் மிருதங்கம் கற்றேன் (வாத்தியாரே வீட்டுக்கு வந்து, "பையன் படிப்பைப் பார்க்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்). இருந்தாலும் தோல் வாத்தியம் என்றால் எனக்கு ஒரு உரிமை.

பக்கத்து வீட்டு ஆர்லாண்டோ கியூபாவில் பிறந்து, இங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் எழுபதாவது பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டபோது, வீட்டில் இரண்டு காங்கா இருப்பதாகச் சொன்னார். காங்கா என்பது இடுப்புயரக் கியூபா மேளம். பீப்பாய் போல மரப்பட்டைகளை ஒட்டி, மேலே தோல் போர்த்தி, கையால் அடிப்பது. பழைய அசல் காங்காவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாலைந்து பேர் வீடியோ போட்டிருந்தார்கள். மரம், ஆணி, இரும்பு வளையம், உள்பக்க முத்திரை என்று ஒன்று விடாமல் குறிப்பெடுத்தேன்.

"ஏனுங்க, விருந்துக்குப் போறோம். அங்க வந்து ஆராய்ச்சி பண்ணாதீங்க," என்றாள் என் மனைவி வசந்தி.

"சும்மா பாத்துட்டு வருவேன்," என்று சொல்லிவிட்டு டார்ச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் ஹாலில் இரண்டும் நின்றன. ஒன்று கறுத்து, வெடிப்பு விட்டு, தோலை ஆணியடித்து இறுக்கியது. மற்றொன்று தீயணைப்பு வண்டியைப் போலச் சிவப்பாகப் பளபளத்தது. எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

"இது அசல்," என்று கறுத்ததைத் தொட்டேன். குனிந்து முகர்ந்தேன். "ஹவானா வாசனை!"

"அப்படியா?" என்று ஆர்லாண்டோ புருவத்தை உயர்த்தினார். (பாராட்டு என்று நினைத்தேன்.) "சரி, அந்தச் சிவப்பு?"

"ஃபேக்டரி சரக்கு. உள்ள முத்திரையே இருக்காது, பாருங்க."

சிவப்பு மேளத்தைப் படுக்க வைத்து, நானும் படுத்து, அடிப்பக்கத்து ஓட்டைக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தேன். "முத்திரை இல்ல! ஏதோ குழந்தை பென்சில்ல கிறுக்கியிருக்கு!" என் குரல் எனக்கே திருவிழா மைக் போலக் கேட்டது. அந்தக் கம்பீரம் பிடித்துப்போய் மேலும் பேசினேன். "இந்த பெயின்ட் அடிச்சவங்களுக்கு மரத்தப் பத்தியும் தெரியாது, மேளத்தப் பத்தியும் தெரியாது. வேலிக்கு அடிக்கிற பெயின்ட் இது!"

வெளியே ஒரே நிசப்தம். மரியாதை என்று நினைத்தேன். யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். என் மகள் நிலா.

"அப்பா, ஸ்டாப். ப்ளீஸ், ஜஸ்ட் ஸ்டாப்."

"இரு கண்ணு, அப்பா எக்ஸ்ப்ளெயின் பண்ணிட்டிருக்கேன்ல."

கடைசியில் தலையை உருவினேன். காது மாட்டிக்கொண்டது. பலமாக இழுத்ததில் தலை வந்தது, கண்ணாடி உள்ளேயே நின்றுவிட்டது. மங்கலாக ஒரு உருவம், கையில் கஸ்டர்டு தட்டு. ஆர்லாண்டோவின் மனைவி மிர்த்தா ஆன்ட்டி.

"பெயின்ட் அடிச்சது நான்தான்," என்றார். "அவருக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு ரெண்டு வாரம் கராஜ்ல ஒக்காந்து அடிச்சேன்." (அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் எழுதினால் கொஞ்சம் வலி குறைகிறது.)

ஆர்லாண்டோ மேளத்துக்குள் கைவிட்டு என் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். "அந்தக் கிறுக்கல் எங்கப்பா கையெழுத்து. ஹவானால அவர் வாசிச்ச காங்கா இது. கப்பல்ல தொலைஞ்சிடக் கூடாதுன்னு பேர எழுதி வச்சார்."

"அப்போ... அந்தக் கறுப்பு?"

"முதியோர் மையத்துல தச்சு வகுப்பு நடத்துறாங்கல்ல, அங்க மிர்த்தா செஞ்சது. நாலு வருஷம் ஆச்சு. அந்த வாசனை, பேஸ்மென்ட்ல தண்ணி பூந்தப்போ வந்தது."

வசந்தி தன் தட்டிலிருந்த வாழைக்காய் வறுவலை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். போதாதென்று எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வார்த்தையையும் மிர்த்தா ஆன்ட்டியிடம் மூன்று முறை சொன்னேன். அதற்கு 'நன்றி' என்று பொருள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மனம் குளிரட்டும் என்று அவர் செய்த காங்காவின் முன் உட்கார்ந்து மிருதங்கப் பாடத்தை எடுத்துவிட்டேன். தா, தீ, தொம். அந்தத் தொம்மில் ஒரு மரப்பட்டை தெறித்துக் கம்பளத்தில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மேளம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

திடீரென்று ஆர்லாண்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பாடா! நாலு வருஷமா இது நல்லா பேசுதுன்னு பொய் சொல்லிட்டு வரேன்!"

மிர்த்தா ஆன்ட்டி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். என் மீதிருந்த கோபம் மொத்தமும் அப்படியே இடம் மாறியதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்பானிஷில் ஏதோ பொழிந்தார். பொழிந்துகொண்டே வந்தவர், என் காதுகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது. சிவப்பு மேளத்தின் அடி விளிம்பில் பெயின்ட் முழுதாகக் காயவில்லையாம். இரண்டு காதும் செக்கச்செவேல்.

அன்று எடுத்த குடும்பப் படம் இன்றும் அவர்கள் ஹாலில் தொங்குகிறது. ஓரத்தில் சிவப்புக் காதுகளோடு நான். கேக் வெட்டியபின் ஆர்லாண்டோ அப்பாவின் காங்காவை வாசித்தார். எந்த வீடியோவிலும் கேட்காத சத்தம் அது. நான் ஒரு கருத்தும் சொல்லவில்லை.

உடைந்ததைச் சரிசெய்ய, மிர்த்தா ஆன்ட்டியோடு ஆறு சனிக்கிழமைகள் அதே தச்சு வகுப்புக்குப் போனேன். அங்கே நான்தான் குழந்தை. பசை தடவுவதில் எனக்குத் திறமை இருப்பதாக ஆன்ட்டி சொன்னார்.

தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நிலா, ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சுத்தத் தமிழில் சொல்வாள். பூசணிக்காய் வாங்கினாலும் பட்டுப்புடவை எடுத்தாலும், அசலா என்று சந்தேகம் வந்தால் போதும்: "அப்பா, தலைய உள்ள விட்டுப் பாருங்க."

அதை மிர்த்தா ஆன்ட்டிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. பார்க்க வந்த ஆன்ட்டி அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டு, "தலைய உள்ள விட்டுப் பாரு," என்றார். மரியாதை விகுதியை மட்டும் அவராகவே எடுத்துவிட்டிருந்தார். அந்த உரிமை அவருக்கு உண்டு.

விட்டுப் பார்த்தேன். அசல்தான்.