ஈதர் ஏறிய ஏலக்காய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூமிக்கு ஈர்ப்பு விசை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை ஒரு காலத்தில் நான் நிரூபித்திருக்கிறேன். அதுவும் வாய்ப்பேச்சாக இல்லை. தராசு வைத்து, எடை போட்டு, நோட்டில் எழுதி. அதனால் உலகத்தில் எதுவும் மாறவில்லை. போடிநாயக்கனூர் ஏலக்கூடத்தில் மட்டும் நான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் இயற்பியல் பட்டம் வாங்கிக்கொண்டு (மூன்றாம் வகுப்பு; யாரும் கேட்காதவரை நானாகச் சொல்வதில்லை) சிலமலைக்குத் திரும்பியிருந்தேன். வேலை கிடைக்கவில்லை. எனக்கோ ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அப்பா அனுப்பினால், மடையைத் திறந்துவிட்டு வாய்க்காலில் விழும் சுழியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். அப்படி நின்ற ஒரு நாளில்தான் எனக்கு அண்டம் புரிந்தது.

விஷயம் இதுதான். வெளி முழுக்க ஈதர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பொருள் நிறைந்திருக்கிறது என்று பழைய விஞ்ஞானிகள் நம்பினார்கள். பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்து, அப்படி எதுவும் தட்டுப்படவில்லை என்று கைவிட்டுவிட்டார்கள். என்னைக் கேட்காமல் கைவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. என் கொள்கைப்படி, பொருள் என்பது ஈதரில் விழுந்த சுழி. ஆற்றல் என்பது அந்தச் சுழி அவிழ்வது. ஈர்ப்பு? பூமி யாரையும் இழுப்பதில்லை. மேலே இருக்கிற ஈதர்தான் எல்லாவற்றையும் கீழே அழுத்துகிறது. கிணற்றில் முங்கினால் ஆழம் போகப் போகக் காது அடைக்கிறதே, அதே கதைதான். ஆகவே மலைமேல் எடை குறைவாகவும், இறங்க இறங்க அதிகமாகவும் இருக்க வேண்டும். (மலைமேல் எடை ஒரு துளி குறையும் என்று பாடப்புத்தகமே சொல்கிறது. ஆனால் அந்தத் துளியை எந்தக் கடைத் தராசும் காட்டாது. என் கணக்கில் அது துளி இல்லை, கைப்பிடி.)

இதை அப்பாவிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மடைய அடைச்சியா?" என்றார்.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். பெண், அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வேலுச்சாமி மாமாவின் மகள் ஈசுவரி. பத்தாவது வரை படித்தவள். ஒரு காதுகுத்து வீட்டில் அவளைப் பார்த்ததிலிருந்து, ஏற்கெனவே உட்காரத் தெரியாத எனக்கு நிற்கவும் தெரியாமல் போயிருந்தது. மாமாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். போடியில் அவர் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. வேலுச்சாமி மூட்டை என்றால் வியாபாரிகள் அடிவரை கையை விட்டுப் பார்க்க மாட்டார்கள். மேலாக இருப்பதுதான் உள்ளேயும் இருக்கும்.

மாமாவுக்கு என்மேல் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "பய நல்ல பயதான். ஒரு சோலியக் குடுத்தா முடிப்பானான்னு பாக்கணும். ஸ்டோர்ல ரெண்டு மூட்டை காயி கட்டி வச்சிருக்கேன். பத்திரமா ஏலத்துக்குக் கொண்டாந்து சேக்கட்டும். அப்புறம் பரிசம் போடுவோம்."

இரண்டு மூட்டையை ஜீப்பில் ஏற்றி, கூட உட்கார்ந்து, கீழே இறக்க வேண்டும். ஓர் ஆட்டுக்குட்டி செய்துவிடும். ஆனால் எனக்கு அது சோலியாகத் தெரியவில்லை. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை எடை போட்டுக்கொண்டே இறங்க ஈதரே அனுப்பிய வாய்ப்பாகத் தெரிந்தது. புளி வியாபாரி ஒருவரிடம் கெஞ்சி, கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் வில் தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். (தட்டுத் தராசு உதவாது. படிக்கல்லுக்கும் அதே அழுத்தம்தானே? அந்த மட்டும் எனக்கு அறிவு இருந்ததை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.) நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் கொட்டை எழுத்தில் "ஈர்ப்பு என்னும் பொய்" என்று எழுதினேன்.

காலையில் மலைமேல் ஸ்டோருக்குப் போனபோது ஒரே மேகமூட்டம். காய் உலர்த்தும் கூடத்தைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். உள்ளே பாலித்தீன் உறை, வெளியே சணல் சாக்கு என்று இறுக்கிக் கட்டிய இரண்டு மூட்டைகளைக் காவலாளி குட்டப்பன், போடிக்கு ஆள் ஏற்றிப்போகும் வாடகை ஜீப்பில் ஏற்றினார். தராசைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ மணத்துவிட்டது.

"சாரே, சாக்கு தொறக்கண்டா, கேட்டோ? மஞ்சு கேறும்."

மூட்டையைத் திறக்காதே, பனி ஏறிவிடும் என்கிறார். நன்றாகவே புரிந்தது. உலர்ந்த ஏலக்காய் ஈரத்தைக் குடிக்கும் என்பது அந்த வட்டாரத்தில் நடக்கப் பழகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அறிவு ஒரு பக்கம் இருந்தது, ஆராய்ச்சி இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் தங்கராசு அண்ணன், யாருக்கோ வாந்தி வருகிறது என்று நினைத்து உடனே நிறுத்தினார். நான் மூட்டையைப் பிரித்து, ஒரு மஞ்சப்பை நிறையக் காயை அள்ளி, ஜீப்பின் மேல்கம்பியில் தராசைத் தொங்கவிட்டு எடை போட்டேன். சரியாக நான்கு கிலோ. எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வளைவு. "அண்ணே, நிறுத்துங்க."

"என்ன தம்பி, மறுபடியுமா?"

"எடை பாக்கணும்ணே."

"இப்பத்தானப்பா பாத்த? வழியில காயி குட்டி போடுமா?"

பின்சீட்டில் மதுரை ரயிலைப் பிடிக்கக் கிளம்பிய ஓர் அம்மாள் இருந்தார். மூன்றாவது வளைவில் அவர் பொறுமை இழந்தார். "ஏப்பா, எடைய வீட்ல போயிப் போடக்கூடாதா? வெரசா போகச் சொல்லுப்பா, ரயிலு போயிரும்!"

"ஆத்தா, இது சாதாரண எடை இல்ல. இது மட்டும் சரியா வந்துச்சுன்னா ரயிலு ஏன் ஓடுதுன்னே வேற மாதிரி சொல்லிரலாம்."

"ஏன் ஓடுனா என்னய்யா, அது எனக்கு முன்னாடி ஓடாம இருந்தாச் சரி" என்றார்.

நான்காவது வளைவில் மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவதில் சாரல். ஒவ்வொரு முறையும் மூட்டையைக் கட்டி அவிழ்க்க நேரமாகிறது என்று தங்கராசு அண்ணன் திட்டியதால், வாயைக் கட்டாமலே விட்டேன். ஒரு மூட்டையில் மட்டும் எடுத்தால் அது ஆராய்ச்சியாகாது என்று, இரண்டாவதையும் பிரித்து, கையை முழங்கை வரை விட்டுக் கிளறி, கலந்து, அதே பை நிறைய அள்ளினேன். பிறகு முள்ளைப் பார்த்தேன். முள் ஏறியிருந்தது!

அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததில் இன்னும். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கொள்கை சொன்னபடியே, இறங்க இறங்க எடை கூடுகிறது! ஓடும் ஜீப்பில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். மஞ்சப்பை என் பேன்ட்டில் சொட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

போடிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் காய்ந்தது. மூட்டைகளை இறக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குள் ஓடினேன். மாமா நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வியாபாரிகள், தட்டுத் தட்டாக மாதிரிக் காய்.

"மாமா! நம்ம காயி எடை கூடிருச்சு!"

கூடம் அமைதியானது. அந்த அமைதியைப் பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"மேல இருந்து கீழ வர்றதுக்குள்ள கூடிக்கிட்டே வந்துச்சு மாமா! ஒவ்வொரு வளைவா எழுதி வச்சிருக்கேன். ஆதாரம் இருக்கு!"

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காய்த் தொழிலில் ஒருவன் செய்யக்கூடிய ஆகக் கேவலமான காரியம், எடைக்காகக் காயில் தண்ணீர் தெளிப்பது. திருடனுக்குக்கூட டீக்கடையில் டீ கிடைக்கும். தண்ணீர் தெளித்தவனை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காரியத்தை எங்கள் மாமாவின் மூட்டையில், வளைவு வளைவாகச் செய்துகொண்டு வந்ததாகத்தான் ஏலக்கூடத்தின் நடுவில் நின்று நான் கூவிக்கொண்டிருந்தேன். ஆதாரத்தோடு.

வெள்ளைத் துண்டு போட்ட வியாபாரி ஒருவர் எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே இறக்கியிருந்த மூட்டையில் ஒரு கை அள்ளி, காதருகே வைத்துக் குலுக்கினார். நன்றாக உலர்ந்த காய் கலகலவென்று சத்தம் போடும். இது போடவில்லை.

"என்ன வேலுச்சாமி, ஒங்காயி பேச மாட்டேங்குது?"

மாமாவின் முகம் செத்துப்போனது. முப்பது வருஷப் பெயர். அப்போதுதான் என் பேன்ட் நனைந்திருப்பது தெரிந்தது. சாரல் தெரிந்தது. குட்டப்பன் சொன்னது காதில் விழுந்தது. ஒரு நொடியில் ஈதர் முழுவதும் ஆவியாகி, அவ்வளவும் தண்ணீர் என்று புரிந்துபோனது.

"மாமா மேல தப்பில்லீங்க. நான்தான் மூட்டையப் பிரிச்சு, பனியில எடை போட்டேன். பூமி இழுக்கலைன்னு காட்டுறதுக்காக..."

"யாருகிட்டக் கதை விடுற? படிச்ச பிள்ளை இம்புட்டுக் கிறுக்கா இருக்க முடியுமா? எவனோ சொல்லிக் குடுத்துப் பேசுறான்" என்றார் வெள்ளைத் துண்டு. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

என் நிலைமையைப் பாருங்கள். நான் முட்டாள் என்று நிரூபித்தால்தான் மாமா யோக்கியர். என் பட்டம் குறுக்கே நிற்கிறது! மூன்றாம் வகுப்புதான் என்று அன்று முதல்முறையாக நானே சொன்னேன். அதுவும் எடுபடவில்லை.

நல்லவேளை, தங்கராசு அண்ணன் நான் ஜீப்பில் விட்டுவந்த மஞ்சப்பையோடு உள்ளே வந்தார். பின்னாலேயே ரயிலைத் தவறவிட்ட அம்மாள், என்னைத் தேடிக்கொண்டு.

"அய்யா, இவரு வளைவுக்கு வளைவு வண்டிய நிறுத்தி, மேகத்துக்குள்ள காயக் கொட்டிக் கொட்டி அள்ளுனாரு. கேட்டா, மேல இருந்து என்னமோ அமுக்குதுங்கறாரு" என்று தங்கராசு அண்ணன் சொல்லிவிட்டு, காயைத் தட்டில் கொட்டிப் பையைப் பிழிந்தார். தண்ணீர் சிமென்ட் தரையில் சொட்டியது.

"அமுக்குதோ இல்லையோ, என் ரயிலு போச்சு!" என்றார் அம்மாள்.

வெள்ளைத் துண்டு என் நோட்டை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "ஈர்ப்பு என்னும் பொய். முதல் வளைவு, நான்கு கிலோ. ஐந்தாம் வளைவு, முள் ஏறுகிறது. ஈதர் வாழ்க." அடுத்த பக்கத்தில், இந்தக் கண்டுபிடிப்புக்குப் பரிசு வாங்கும்போது என்ன பேசுவது என்று குறித்து வைத்திருந்தேன். "சபையோருக்கு வணக்கம்" என்பதையும் அவர் விடவில்லை. கூடம் குலுங்கியது. கணக்கு எழுதுபவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தரை பிளந்து என்னை இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அது இழுப்பதில்லை என்று நானே சொல்லியாகிவிட்டது.

கடைசியில் வெள்ளைத் துண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவின் தோளில் கைவைத்தார். "சரக்குல பழுதில்ல வேலுச்சாமி. மாப்ளகிட்டத்தான் பழுது."

மாமாவின் பெயர் பிழைத்தது. மூட்டைகள் திரும்ப மலையேறி, மறுபடி உலர்ந்து, பச்சை வெளுத்து, சுமாரான காயாகத்தான் இறங்கின. அன்று மாமா என்னைத் திரும்பிப் பார்க்காமல் மூட்டைகளோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அடுத்த ஒரு வாரம் நான் வீட்டுக்கும் வயலுக்கும் நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது. ஈசுவரி போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஈதர் போனதற்கு நான் ஒரு பொட்டுகூட வருந்தவில்லை. வருத்தம் முழுவதும் இவளுக்காகத்தான்.

எட்டாம் நாள் மாமா வந்தார். பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் முன்னால் வைத்தார். அம்மிக் குழவியில் பாதி இருக்கும், வழுவழுப்பான ஓடைக்கல்.

"ஈசுவரி குடுத்துவிட்டா. காயிக்குப் பதிலா ஒரு கல்லை எடை போட்டிருந்தா ஈரமும் ஏறாது, எங்கப்பா மானமும் போயிருக்காது, இது ஏன் அவருக்குத் தோணலைன்னு கேட்டா. இத எடை போட்டு எழுதிக் கொண்டாரணுமாம். அப்புறம் சொல்றாளாம்."

பத்தாவது படித்த பெண்ணின் ஒரே கேள்வியில் என் மூன்று வருஷப் படிப்பு படுத்துவிட்டது. மறுநாளே கல்லோடு மலையேறினேன். அதே தங்கராசு அண்ணன், அதே வளைவுகள். (அந்த முறை ரயிலுக்குப் போகிறவர்கள் யாரும் இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் அவர் வண்டியை எடுத்தார்.) ஒவ்வொரு வளைவிலும் முள் ஒரே இடத்தில் நின்றது. கடைசி வளைவில், ஒரு கோடு கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியும் என்று கை பரபரத்தது. எழுதவில்லை.

நோட்டை மாமா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈசுவரி கடைசிப் பக்கம் வரை படித்தாள். பிறகு முதன்முறையாக என்னிடம் பேசினாள். "கடைசியிலயாவது கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கலாம்ல?"

"முள்ளு ஏறலையே" என்றேன்.

உள்ளே திரும்பி, "அப்பா, பரிசம் போடச் சொல்லுங்க" என்றாள்.

மாமா சாகும்வரை என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் ஒரே மாதிரிதான் சொல்வார். "நம்ம மாப்ள. காயி நல்ல காயிதான். கொஞ்சம் ஈரம் ஏறிருச்சு, காய வச்சுக்கிட்டு இருக்கோம்." அந்தக் கல் இன்றும் எங்கள் சமையல்கட்டில் ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் இருக்கிறது. எனக்கு இன்னும் உட்காரத் தெரியவில்லை. எப்போதாவது பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒளி ஏன் வளைகிறது, வெளியில் என்ன இருக்கிறது என்று நடந்துகொண்டே ஆரம்பித்தால், ஈசுவரி கரண்டியை வைத்துவிட்டு வருவாள். இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து, காதை ஒட்டி வைத்து, ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பாள்.

"இன்னும் காயல" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போவாள்.